முகம் மாறும்போது போவது யார்?

'டாக்டர் ஹூ' என்ற பிரிட்டிஷ் அறிவியல் புனைவுத் தொலைக்காட்சித் தொடரில் நாயகனான டாக்டர் செத்துப் புது உடம்போடு எழுவது நடிகரை மாற்றும் உத்தி மட்டுமே என்கிறது உங்கள் கட்டுரை. தொடக்கம் அப்படித்தான்; 1966-இல் முதல் டாக்டராக நடித்த வில்லியம் ஹார்ட்னெலுக்கு உடல்நலம் குன்றியது, பேட்ரிக் ட்ரௌட்டன் வந்தார். ஆனால் 1976-இல் ஒரு டைம் லார்டு, அதாவது டாக்டரின் இனத்தவர், 12 முறைதான் இப்படி உடம்பு மாற முடியும் என்று கதையே எல்லை போட்டதே, அதை விட்டுவிட்டீர்களே! எண்ணிக்கை வந்த பிறகுதான் அந்தச் சாவுக்குக் கனம் வந்தது. 2013-இல் டாக்டருக்கு உடம்பு மாறப் புதுச் சுற்று கொடுத்து எல்லையைத் தளர்த்தியது எனக்கு இன்னும் உறுத்தல்தான்.

நினைவு அப்படியே இருக்கிறது, குணமும் பேச்சும் மாறிவிடுகின்றன. 2010 புத்தாண்டு அன்று ஒளிபரப்பான கதையில் டாக்டராக வரும் டேவிட் டெனன்ட் போக மனமில்லை என்று சொல்லித்தான் போகிறார். எத்தனை தடவை பார்த்தாலும் அழுதுவிடுகிறேன். அடுத்த நொடியே புது டாக்டராக மாட் ஸ்மித் எழுந்து, கால் இருக்கிறதா என்று பார்க்கிறார். போக மறுத்த அந்த மனிதர் எங்கே போனார்?