பிராக் பழைய நகரத்தில் காசு எங்கே கரைகிறது?

பிராக் போய் வந்து "செலவு கையைக் கடிச்சிடுச்சு" என்பவர்களிடம் எங்கே தங்கினீர்கள், எங்கே சாப்பிட்டீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். எல்லாமே பழைய நகரச் சதுக்கத்தைச் சுற்றித்தான் நடந்திருக்கும். அங்கே பார்க்க வேண்டியதில் பாதிக்கு மேல் இலவசம். அது நடப்பதற்கான இடம், பர்ஸைத் திறப்பதற்கான இடமல்ல.

முதல் ஓட்டை, பணம் மாற்றுவது. செக் குடியரசில் யூரோ கிடையாது, கொருனாதான். தெருவில் தனியாக நிற்கும் ஏடிஎம்களை விட்டுவிட்டு, வங்கிக் கிளையோடு இருப்பதைத் தேடுங்கள். 'உங்கள் நாட்டுப் பணத்தில் கணக்கிடட்டுமா?' என்று திரை கேட்டால் வேண்டாம் என்று அழுத்துங்கள். சரி என்றால் மாற்று விகிதத்தை உங்கள் வங்கி போடாது, ஏடிஎம்காரர் போடுவார். கடையில் கார்டைத் தட்டும்போதும் இதே கேள்வி வரும், பதிலும் அதேதான். தெருவில் நல்ல விகிதம் தருகிறேன் என்று வருபவர் நீட்டுவது பெரும்பாலும் வேறு நாட்டின் செல்லாத நோட்டு. பணமாற்றுக் கடையில் ஏமாந்துவிட்டால், 1,000 யூரோ மதிப்பு வரை, 3 மணி நேரத்துக்குள் அதே கடையில் ரத்து செய்யலாம். 2019 முதல் இது சட்டம். ரசீதைக் கசக்கி எறிந்துவிடாதீர்கள்.

விமான நிலையத்திலிருந்து டாக்சி வேண்டாம். 59ஆம் எண் டிராலிபஸ் வெலெஸ்லாவீன் மெட்ரோ நிலையத்தில் விடும். அங்கிருந்து மெட்ரோ ஏ தடத்தில் ஸ்டாரோமியெஸ்ட்ஸ்கா, அதுதான் பழைய நகரத்துக்கான நிலையம். ஒரு 90 நிமிட டிக்கெட் போதும். காகித டிக்கெட்டை மஞ்சள் பெட்டியில் நுழைத்து முத்திரை குத்தியே ஆகவேண்டும். குத்தாத டிக்கெட் கையில் இருந்தாலும் பரிசோதகருக்கு நீங்கள் ஓசிப் பயணிதான். டிராமுக்குள் கார்டில் வாங்குவதில் நேரம் அச்சாகியே வரும், குத்த வேண்டாம். இரவெல்லாம் டிராம் ஓடுவதால் ஜிஷ்கோவ், வர்ஷோவிட்சே போல மையத்தை விட்டுத் தள்ளியிருக்கும் பகுதிகளில் தாராளமாகத் தங்கலாம்.

சாப்பாடு. சதுக்கத்துக் கடைகளில் சுட்ட பன்றித் தொடைக்கறிக்குப் பலகையில் எழுதியிருப்பது 100 கிராம் விலை. அளவு சொல்லாமல் கேட்டால் தட்டில் 300, 400 கிராம் விழும், பில்லைப் பார்த்தால் தலை சுற்றும். வார நாட்களில் 11 மணியிலிருந்து 2 மணி வரை, நாலு தெரு தள்ளிப் போய் 'டென்னி மெனு' பலகை தேடுங்கள், அது உள்ளூர்க்காரர்களின் மதியச் சாப்பாடு. சைவக்காரர்களுக்கு ஒரு எச்சரிக்கை: காய்கறி சூப் என்றாலும் அடியில் இறைச்சிச் சாறு இருக்கலாம், கேட்டுக்கொள்ளுங்கள். 'ஸ்மஜெனி சீர்' என்ற பொரித்த பாலாடைக்கட்டி எங்கும் கிடைக்கும், மேல்மாவில் முட்டை உண்டு. கம்பியில் சுற்றிச் சுடும் டிர்டெல்னிக்கைப் பழம்பெரும் பிராக் பலகாரம் என்று விற்பார்கள். சுற்றுலாக் கூட்டம் வளர்த்துவிட்ட சரக்கு அது.

சதுக்கத்தில் 1410இல் வைத்த வானியல் கடிகாரத்தின் முன்னால் மணிக்கொரு தரம் கூட்டம் நெரியும். ஒரு நிமிடம்கூட ஓடாத பொம்மை ஊர்வலத்துக்குத்தான் இத்தனை அடிதடி. எல்லோரும் அண்ணாந்து நிற்பதால் ஜேப்படிக்காரர்களுக்கும் அதுவே முகூர்த்த நேரம். கூட்டம் கலைந்ததும் முகப்பைப் படியுங்கள், விஷயம் அங்கேதான் இருக்கிறது. ரோமன் எண்கள் இன்றைய மணி. வெளியே கறுப்பு வளையத்தில் தங்க எழுத்துகள், சூரிய அஸ்தமனத்திலிருந்து எண்ணும் பழைய செக் மணி. அஸ்தமனம் தினமும் மாறுவதால் அந்த வளையமும் நகரும். உள்ளே ராசி வளையத்தில் சூரியன் எங்கே நிற்கிறது என்பது தெரியும். நம் பஞ்சாங்கத்தோடு ஒத்துப்போகாது. அது சாயன முறை, அதாவது பருவங்களை வைத்து ராசியைக் கணக்கிடுவது. அதில் ராசி மாறுவது நம் கணக்குக்கு ஏறத்தாழ 24 நாள் முந்தி. பக்கத்திலேயே தரையில் 27 வெள்ளைச் சிலுவைகள், 1621இல் அங்கே கிளர்ச்சித் தலைவர்கள் 27 பேருக்கு மரண தண்டனை நிறைவேற்றிய அடையாளம். அதன் மேலேயே நின்று செல்பி எடுக்கிறார்கள்.

சனிக்கிழமை யூத அருங்காட்சியகம் மூடியிருக்கும், அன்றைக்குக் கோட்டையை வைத்துக்கொள்ளுங்கள். மலையேறி மூச்சு வாங்க வேண்டாம். 22ஆம் எண் டிராமில் பொஹோர்ஷெலெட்ஸ் நிறுத்தத்தில் இறங்கினால் கோட்டை, அதிலிருந்து சார்லஸ் பாலம் வரை எல்லாமே இறக்கம். வளாகத்துக்குள் நடக்கக் கட்டணம் இல்லை, உள்ளே கட்டடங்களுக்குத்தான் டிக்கெட். அந்த டிராமில் மட்டும், ஜேப்படிக்காரர்களுக்கு இடம் தராமல், பையை முதுகிலிருந்து முன்பக்கம் மாற்றிக்கொள்ளுங்கள்.