முட்டை பொது, முயல் பொது, கிறிஸ்து மட்டும் மதமா?

நேற்று குழுவில் நடந்தது உங்களில் பலருக்குத் தெரியும், முழுக்கத் திரும்பச் சொல்லவில்லை. வண்ண முட்டையும் முயலுமாக "இனிய ஈஸ்டர்" படம் வந்தது. இதயக்குறிகள் குவிந்தன. அதன் கீழே நான் "கிறிஸ்து உயிர்த்தெழுந்தார்" என்று எழுதினேன், இரண்டே சொல். "இது பொதுக்குழு, மதத்தைக் கொண்டுவர வேண்டாமே" என்று பதில் வந்தது. அதற்கும் இதயக்குறிகள்.

முட்டை பொது. முயல் பொது. கிறிஸ்து மட்டும் மதம். இதுதான் என்னைக் குத்தியது.

அந்த முட்டை அங்கே எப்படி வந்தது? இடைக்கால ஐரோப்பாவில், ஈஸ்டருக்கு முந்தைய நோன்புக்காலமான தவக்காலத்தின் நாற்பது நாளும் இறைச்சியோடு முட்டையும் விலக்கு. கோழி இடுவதை நிறுத்தவில்லை. சேர்ந்த முட்டைகளை ஆசீர்வதித்து வாங்கி, ஈஸ்டர் அன்று நோன்பு முடித்தார்கள். கிழக்கத்திய ஆர்த்தடாக்ஸ் சபைகளில் இன்றும் முட்டைக்குச் சிவப்புச் சாயம்தான். சிவப்பு கிறிஸ்துவின் இரத்தம், ஓடு அவருடைய கல்லறை. முட்டையோடு முட்டையை மோதி உடைக்கும்போது கிரேக்கர்கள் என்ன சொல்வார்கள் தெரியுமா? "கிறிஸ்து உயிர்த்தெழுந்தார்." நான் எழுதிய அதே இரண்டு சொல்!

"ஈஸ்டரே ஒரு வசந்த தேவதையின் பெயர்தானே, நீங்கள்தான் பிடுங்கிக்கொண்டீர்கள்" என்று ஒருவர் வருவார். அந்தத் தேவதைக்கு இருக்கும் ஒரே பழைய எழுத்துச் சான்று, ஆங்கிலேயத் துறவி பீட் 725இல் ஒரு மாதத்தின் பெயரை விளக்கி எழுதிய சில வரிகள். அதற்கு நானூறு வருடம் முன்பே, 325இல், இந்த விழாவை எல்லோரும் ஒரே நாளில் கொண்டாட வேண்டும் என்று ஆயர்கள் கூடிய நிசேயா சங்கம் முடிவெடுத்துவிட்டது. கிரேக்கத்திலும் லத்தீனிலும் இதன் பெயர் பாஸ்கா. எகிப்தின் அடிமைத்தனத்திலிருந்து மீண்டதை யூதர்கள் நினைவுகூரும் விழாவின் பெயர் அது. முயலை வேண்டுமானால் வைத்துக்கொள்ளுங்கள், அதற்காக நான் சண்டை போடவில்லை.

"மதச்சார்பற்ற சமூகத்தில் எல்லோரும் சேர்ந்து கொண்டாட வேண்டாமா?" கொண்டாடுங்கள். யாரையும் நம்பச் சொல்லவில்லையே. மதச்சார்பின்மை என்றால் அரசு எந்த மதத்தின் பக்கமும் சாயாமல் இருப்பது. நம்புகிறவன் வாயைப் பொத்திக்கொள்வது அல்ல. கிறிஸ்தவர்களான நம்மவர்களிலும் சிலர் மற்றவர் பண்டிகைக்கு வாழ்த்துச் சொல்லவே தயங்குகிறார்கள், அது தப்புதான். அதை இன்னொரு நாள் பேசுவோம்.

என் அப்பா தவக்காலத்தில் போனார். அடக்கத் திருப்பலியில் பெட்டியின் தலைமாட்டில், ஈஸ்டருக்கு முந்தைய இரவில் ஏற்றும் பெரிய மெழுகுதிரியான பாஸ்கா திரி எரிந்தது. அதில் சிலுவை, தொடக்கமும் முடிவும் அவரே என்பதற்கு அகரம், னகரம், ஐந்து காயங்களுக்கு ஐந்து சாம்பிராணி மணிகள், முந்தைய வருடத்தின் எண்கள். அந்தத் திரியின் சுடரைத்தான் முந்தைய உயிர்ப்பு இரவில் அப்பா தன் மெழுகுதிரியில் வாங்கி எனக்குத் தந்திருந்தார். இப்போது அது பாதியாகத் தேய்ந்து அவர் பக்கத்தில் நின்றது.

மூன்று வாரம் கழித்து மறுபடியும் அந்த இரவு. கோயில் முழுக்க இருட்டு. வெளியே புதுத் தீ மூட்டி, புது வருடம் பொறித்த புதுத் திரியோடு குருவானவர் உள்ளே வந்தார். "கிறிஸ்துவின் ஒளி இதோ!" சுடர் கைமாறிக் கைமாறி எங்கள் வரிசைக்கு வந்தது. பக்கத்தில் அப்பா இல்லை. முன்வரிசையிலிருந்து ஒரு அம்மா திரும்பி எனக்குப் பற்றவைத்தார். கை நடுங்கி, சூடான மெழுகு என் விரலில் விழுந்தது. துடைக்கத் தோன்றவில்லை, அங்கேயே உறைந்துபோனது.

அன்று அந்த இரண்டு சொல்லை நான் வாழ்த்தாகச் சொல்லவில்லை. அப்பா எங்கே என்ற கேள்விக்கு என்னிடம் இருந்த ஒரே பதில் அதுதான்.

நேற்று குழுவில் எழுதியதும் அதைத்தான். நீக்கிவிடச் சொல்லித் தனியாகவும் செய்தி வந்தது. நீக்கவில்லை. நீக்கப்போவதும் இல்லை.