மூலக் கோப்பை அழிக்காதீர்கள்

எங்கள் பெரியப்பா 1998-இல் திருச்சிக்குப் போயிருந்தபோது ஒரு டிடிபி கடையில் நாள் கணக்காக உட்கார்ந்து அடிக்கவைத்த பட்டியல் ஒன்று உண்டு. 1942-இல் ஜப்பான் குண்டுக்கு அஞ்சி ரங்கூனை விட்டு நடந்தே கிளம்பிய எங்கள் சொந்தபந்தங்கள் யார் யார், பூர்வீக ஊர் எது, மணிப்பூர் எல்லையில் இருக்கும் தமு என்ற ஊர் வழியாகப் போனார்களா, மேற்குக் கரையோர அரக்கான் வழியாகவா, யார் பத்திரமாக ஊர் சேர்ந்தார்கள், யார் பாதி வழியிலேயே இறந்துபோனார்கள் என்று அத்தனையும் அதில் இருக்கிறது. வீடு வீடாகப் போய்ப் பாட்டிமார்களிடம் கேட்டு எழுதியது.

போன வருஷம் அதை ஒரு பொது மின்னூலகத்துக்குக் கொடுத்தோம். பக்கம் வடிவமைக்கும் பேஜ்மேக்கர் மென்பொருளில் செய்த கோப்பு, பாமினி என்ற பழைய தமிழ் ஃபாண்ட். "பழசு, இப்போது திறக்காது, நாங்களே மாற்றிக்கொள்கிறோம்" என்றார்கள். மாற்றினார்கள். மாற்றிய கையோடு மூலக் கோப்பை அழித்தும் விட்டார்கள். கோபம் இன்னும் ஆறவில்லை.

விஷயம் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். பாமினியில் 'அம்மா' என்று அடித்தால் கோப்புக்குள் இருப்பது எம், கே, அரைப்புள்ளி, கே, எச். அவ்வளவுதான். அந்த ஆங்கில எழுத்துகளுக்குத் தமிழ் உருவம் கொடுப்பது ஃபாண்ட். ஃபாண்ட் போனால் தமிழும் போயிற்று. பிடிஎஃப் எடுத்து வைத்தால் போதாதா என்று கேட்பார்கள். கண்ணுக்கு நன்றாகத்தான் தெரியும், ஆனால் தேடினால் ஒரு பெயரும் கிடைக்காது. உள்ளே அதே எம், கே, அரைப்புள்ளிதானே!

சரி, எல்லா மொழி எழுத்துகளுக்கும் தனித்தனி எண் கொடுக்கும் யுனிகோடுக்கு மாற்றினார்களே, என்ன ஆயிற்று? பழைய ஃபாண்டில் கொம்பு எழுத்துக்கு முன்னால் அடிக்கப்படும், யுனிகோடில் பின்னால் வர வேண்டும். அந்த இடமாற்றத்தைச் சரியாகச் செய்யாததால் தொண்டி என்ற ஊர் 'ெதாண்டி' என்று நிற்கிறது. தொண்டிக்காரர் யாராவது தன் பாட்டன் பெயரைத் தேடி வந்தால் அந்த ஊரே பட்டியலில் இல்லை என்றுதான் நினைப்பார்.

அதைவிட வேதனை இன்னொன்று. பெரியப்பா சில ஊர்ப்பெயர்களை ஆங்கில ஃபாண்டில் அடிக்கச் சொல்லியிருந்தார். வெறும் எழுத்தை மட்டும் உருவி எடுத்து மாற்றும்போது எது பாமினி, எது ஆங்கிலம் என்ற அடையாளம் தொலைந்துவிடுகிறது. ஆங்கிலத்தில் தமு என்று இருந்த இடத்திலெல்லாம் இப்போது 'வுயஅர' என்று நிற்கிறது. எத்தனையோ பேர் நடந்த பாதையின் பெயர் அது. மூலக் கோப்பு இல்லாமல் இதை யார் கண்டுபிடிப்பது?

பர்மாவில் இருக்கும் நமக்கு இந்தப் பாடம் புதிதல்ல. ஜாவ்ஜி என்ற பழைய பர்மிய ஃபாண்டிலிருந்து யுனிகோடுக்கு 2019 அக்டோபர் 1-ஆம் தேதி நாடே மாறியதே, அப்போது போனில் வந்த செய்திகள் பாதிக்குப் பாதி குழம்பித் தெரிந்தது நினைவிருக்கிறதா? தமிழில் கெட்டால் பார்த்த உடனே தெரியும். பர்மிய மொழியில் ஜாவ்ஜியும் யுனிகோடும் ஒரே எண் வரிசையில் உட்கார்ந்திருப்பதால், இது எது என்று கம்ப்யூட்டரே ஊகிக்க வேண்டியிருந்தது. ஊகம் தவறினால் எழுத்து கெடும். அதையெல்லாம் கண்ணால் பார்த்த பிறகும் மாற்றிய பிரதியே போதும் என்று ஒரு நூலகம் எப்படி நம்புகிறது?

மாற்ற வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மாற்றித்தான் ஆக வேண்டும். பேஜ்மேக்கர் 2001-இல் வந்த 7-ஆம் பதிப்போடு நின்றுவிட்டது. தமிழ் நூல்களை இணையத்தில் ஏற்றும் மதுரைத் திட்டமும், திஸ்கி என்ற பழைய தமிழ்க் குறியேற்ற முறையில் ஏற்றிய நூல்களைப் பிறகு யுனிகோடுக்குக் கொண்டுவந்தது, அதனால்தான் இன்று நாம் போனில் படிக்கிறோம். நான் கேட்பது இதுதான்: மூலக் கோப்பு அப்படியே இருக்கட்டும். அதன் ஃபாண்ட் கோப்பையும் பக்கத்தில் வையுங்கள். எந்தக் கருவியால், எந்தத் தேதியில் மாற்றினீர்கள் என்று ஒரு வரி எழுதுங்கள். பேஜ்மேக்கர் கோப்பு எத்தனை எம்பி வந்துவிடப் போகிறது? ஒரு கல்யாண வீடியோவுக்கு ஆகிற இடம்கூட ஆகாது.

நல்ல வேளை, பெரியம்மாவின் டிரங்குப் பெட்டியில் அந்த மூலக் கோப்பு உள்ள ஒரு சிடி கிடைத்தது. இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் நானும் தங்கச்சியும் உட்கார்ந்து, அவள் பழைய பிரதியைப் படிக்க நான் திருத்துகிறேன். இதுவரை 3 பக்கம் முடிந்திருக்கிறது. பாமினி தெரிந்தவர்கள் யாங்கோனில் யாராவது இருந்தால் சொல்லுங்கள், இன்னும் 19 பக்கம் இருக்கிறது.