மென்பொருள் பொறியியல் பாடத்துக்கு அரசு தரும் பணம் ஆசிரியரின் நேரத்துக்குப் போகட்டும்

2025 ஆகஸ்டில் மத்திய அமைச்சரவை 'மெரிட்' என்ற தொழில்நுட்பக் கல்வி மேம்பாட்டுத் திட்டத்துக்கு ஒப்புதல் அளித்தது. 175 பொறியியல் கல்வி நிறுவனங்கள், 100 பாலிடெக்னிக்குகள் என 275 அரசு மற்றும் அரசு உதவி பெறும் நிறுவனங்களுக்கு 2025-26 முதல் 2029-30 வரை 4,200 கோடி ரூபாய் என்பது கணக்கு. அதில் பாதி உலக வங்கியிடம் வாங்கும் கடன். வகுத்துப் பார்த்தால் ஒரு நிறுவனத்துக்கு ஐந்தாண்டுகளில் சராசரியாக 15 கோடி வருகிறது. தொழில்துறையின் தேவைக்கேற்பப் பாடத்திட்டத்தைப் புதுப்பித்தல், ஆசிரியர் பயிற்சி, ஆய்வு மையங்கள், புத்தாக்க மையங்கள் என்று பல நோக்கங்கள் அதில் சொல்லப்பட்டுள்ளன. இவற்றுள் பாடத்தைப் புதுப்பிப்பதைப் பற்றி மட்டும், அதிலும் மென்பொருளைத் திட்டமிட்டு உருவாக்கி, சோதித்து, பராமரிக்கும் முறையான மென்பொருள் பொறியியலை இளநிலைப் பட்டப்படிப்பில் கற்பிப்பதைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

என் கோரிக்கை இதுதான். இந்தத் திட்டமானாலும் மாநில அரசின் திட்டமானாலும், மென்பொருள் பொறியியல் பாடங்களை உருவாக்குவதற்கென்று ஒரு தொகையைத் தனியே ஒதுக்க வேண்டும். அந்தத் தொகை கணினி வாங்கவும் ஆய்வகத்துக்குக் குளிர்சாதனம் பொருத்தவும் போகாமல், பாடத்தை உட்கார்ந்து உருவாக்கும் ஆசிரியரின் நேரத்துக்குப் போக வேண்டும். அப்படி உருவான பாடம் எந்தக் கல்லூரியும் கேட்காமலேயே எடுத்துப் பயன்படுத்தும்படி பொதுவில் கிடைக்க வேண்டும்.

நான் பழைய மகாபலிபுரம் சாலையில் உள்ள ஒரு நிறுவனத்தில் மென்பொருள் சோதனைப் பிரிவில் வேலை செய்கிறேன். புதிதாக வேலைக்கு வருபவர்களை நேர்காணல் செய்கிறேன். சென்னையைச் சுற்றியுள்ள கல்லூரிகள் அழைக்கும்போது சிறப்பு வகுப்பு எடுக்கவும் செல்கிறேன். கல்லூரி ஆய்வகங்களில் மென்பொருள் பொறியியலுக்கான பயிற்சிகளைப் பார்த்தவர்களுக்கு அந்தப் பட்டியல் மனப்பாடமாகவே இருக்கும்: பாஸ்போர்ட் ஆட்டோமேஷன் சிஸ்டம், புக் பேங்க், எக்ஸாம் ரெஜிஸ்ட்ரேஷன், ஸ்டாக் மெயின்டனன்ஸ். அண்ணா பல்கலைக்கழகத்தின் பாடத்திட்ட ஒழுங்குமுறைகள் மாறியும் இந்தப் பெயர்கள் பெரிதாக மாறவில்லை. மாணவர், மென்பொருள் எப்படி அமைந்து இயங்க வேண்டும் என்று காட்டும் யூஸ்கேஸ் வரைபடம், கிளாஸ் வரைபடம், சீக்வென்ஸ் வரைபடம் ஆகியவற்றை ஒரு கருவியில் வரைந்து, அச்சிட்டு, ரெக்கார்டு நோட்டில் ஒட்டிக் கையெழுத்து வாங்குகிறார். மூத்த மாணவரின் ரெக்கார்டு அப்படியே இளையவர் கைக்கு வருகிறது. அந்த பாஸ்போர்ட் மென்பொருள் எங்கும் ஓடியதில்லை. அதைப் பயன்படுத்திய ஒருவர் வந்து "எனக்கு இது போதாது, மாற்றிக் கொடுங்கள்" என்று கேட்டதும் இல்லை. இறுதியாண்டுத் திட்டப்பணியின் நிலையோ இதைவிட வருத்தத்துக்குரியது. அசோக் நகரிலும் வடபழனியிலும் தி.நகரிலும் பணம் வாங்கிக்கொண்டு திட்டப்பணியை முடித்துத் தரும் 'ப்ராஜெக்ட் சென்டர்'களின் பெயர்ப்பலகைகள் இத்தனை ஆண்டுகளாக ஏன் தாக்குப்பிடிக்கின்றன என்பது கல்லூரி வட்டாரத்தில் எல்லோருக்கும் தெரியும்.

இதற்கு ஆசிரியர்களைக் குறை கூறுவது எனக்கு உடன்பாடில்லை. நான் சந்தித்த ஆசிரியர்களில் பலர் இரண்டு தியரி பாடம், இரண்டு ஆய்வகம், வகுப்பு ஆலோசகர் பொறுப்பு, நாக் மற்றும் என்.பி.ஏ. தர அங்கீகாரங்களுக்கான கோப்புகள் ஆகிய அனைத்தையும் ஒன்றாகச் சுமக்கிறார்கள். சில சுயநிதிக் கல்லூரிகளில் கோடையில் மாணவர் சேர்க்கைக்காகப் பள்ளி பள்ளியாக அனுப்பவும் படுகிறார்கள். அவர்களிடம் போய் நல்ல பயிற்சி ஒன்றை உருவாக்குங்கள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஏனெனில் ஒரு நல்ல பயிற்சிக்கு எவ்வளவு உழைப்பு வேண்டும் என்பதை நான் அறிவேன்.

ஓர் உதாரணத்தை விரித்துச் சொல்கிறேன். ஒரு நகராட்சியின் சொத்துவரிப் பட்டியலில் உரிமையாளரின் பெயரைத் தமிழில் தேடும் ஒரு சிறிய மென்பொருளை மாணவர்களிடம் கொடுப்பதாக வைத்துக்கொள்வோம். 'கோமதி' என்று தேடினால் சிலருடைய பதிவு வருகிறது. அதே பெயருள்ள வேறு சிலருடைய பதிவு வருவதில்லை. திரையில் இரண்டு பெயர்களும் அச்சு அசலாக ஒன்றுபோலவே தெரிகின்றன. காரணம், எழுத்துகளைக் கணினியில் எண்களாகக் குறிக்கும் யூனிகோடு முறையில் 'கோ' என்பதைக் 'க' எழுத்துடன் ஓகாரக் குறியை ஒரே குறியீடாகச் சேர்த்தும் எழுதலாம், இரட்டைக்கொம்பையும் காலையும் இரண்டு குறியீடுகளாகப் பிரித்தும் எழுதலாம். மூன்று எழுத்துள்ள அந்தப் பெயர் கணினிக்கு ஒரு பதிவில் 5 குறியீடாகவும் மற்றொன்றில் 6 குறியீடாகவும் இருக்கிறது. தரவைச் சேமிக்கும்போதே ஒரே வடிவத்துக்குக் கொண்டுவராவிட்டால் இரண்டும் வெவ்வேறு பெயர்கள். இதைக் கண்டுபிடிக்கும் மாணவர் அடுத்து என்ன செய்வார்? தேடும் இடத்தில் மட்டும் சரிசெய்வாரா, ஏற்கெனவே சேமித்த லட்சம் பதிவுகளையும் மாற்றுவாரா, மாற்றினால் அந்தத் தரவை நம்பியிருக்கும் வேறொரு மென்பொருள் பழுதாகுமா, மாற்றியது சரிதான் என்று எந்தச் சோதனையால் நிறுவுவார்? மென்பொருள் பொறியியல் என்ற பெயருக்கு உரிய கேள்விகள் இவைதாம். தமிழ்நாட்டில் படிக்கும் மாணவருக்கு இந்தக் கேள்விகள் தம் வீட்டுப் பெயரிலிருந்தே எழுகின்றன என்பது எனக்குக் கூடுதல் மகிழ்ச்சி.

ஆனால் இந்த ஒரே பயிற்சியை வகுப்பறைக்குக் கொண்டுசெல்ல, ஓடக்கூடிய நிரல்தொகுதி (புரோகிராம்) ஒன்று வேண்டும். உண்மையான எவருடைய விவரமும் இல்லாத, ஆனால் உண்மைபோலவே குளறுபடியுள்ள தரவு வேண்டும். பருவத்தின் (செமஸ்டரின்) நடுவில் மாணவர்களிடம் கொடுக்க வேண்டிய மாற்றக் கோரிக்கைகள், முந்தைய மாற்றங்களின் வரலாறு, மதிப்பெண் வழங்கும் முறை, மாணவர்கள் வழக்கமாகத் தடுமாறும் இடங்களைப் பற்றிய குறிப்பு ஆகியவை ஆசிரியருக்கு வேண்டும். அனுபவமுள்ள ஒருவர் முழுநேரமாகச் செய்தாலும் இது சில வாரங்களில் முடியும் வேலையன்று. ஒரு பருவத்துக்கு இப்படி நான்கைந்து பயிற்சிகளாவது தேவைப்படும். மாலை ஐந்து மணிக்கு ரெக்கார்டு திருத்திவிட்டுக் கல்லூரிப் பேருந்தைப் பிடிக்க ஓடும் ஆசிரியரிடம் இதை எதிர்பார்ப்பது நியாயமாகாது.

அரசுப் பணம் இதுவரை வராமலும் இல்லை. தொழில்நுட்பக் கல்வியின் தரத்தை உயர்த்த உலக வங்கி உதவியுடன் நடந்த 'டெக்விப்' திட்டம் மூன்று கட்டங்களைக் கடந்து 2021இல் நிறைவடைந்தது. ஆய்வகங்களைப் புதுப்பிக்க, தொழில்நுட்பக் கல்வியை ஒழுங்குபடுத்தும் ஏ.ஐ.சி.டி.இ.யின் 'மோட்ராப்ஸ்' திட்டம் இருந்தது. 2025-26ஆம் ஆண்டு நிதிநிலை அறிக்கையில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு மடிக்கணினி அல்லது கைக்கணினி வழங்கத் தமிழ்நாடு அரசு 2,000 கோடி ரூபாயை அறிவித்தது. வீட்டில் கணினி இல்லாத மாணவருக்கு அது எவ்வளவு பெரிய உதவி என்பதை நான் நேரில் கண்டிருக்கிறேன். அந்தச் செலவைக் குறைக்கச் சொல்லமாட்டேன். பொதுவாகவே பொருள் வாங்குவது நம் நிர்வாகத்துக்கு எளிது என்பதே என் கவலை. மூன்று கொட்டேஷன் வாங்கலாம், டெண்டர் விடலாம், ஸ்டாக் ரெஜிஸ்டரில் ஏற்றலாம், தணிக்கைக்கு வருபவரிடம் அறையைத் திறந்து காட்டலாம். மார்ச் மாதத்துக்குள் செலவழிக்க வேண்டிய தொகை இருந்தால் அது கணினியாக மாறுவதே இயல்பு. ஓர் ஆசிரியர் ஆறு மாதம் சிந்தித்து எழுதியதை எந்த ரெஜிஸ்டரில் ஏற்றுவது என்று எவருக்கும் தெரிவதில்லை.

மற்ற நாடுகளில் இதற்கு முன்னுதாரணம் இருக்கிறது. அமெரிக்கப் பாதுகாப்புத் துறை 1984இல் பிட்ஸ்பர்க் நகரத்தின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் மென்பொருள் பொறியியல் நிறுவனம் ஒன்றைத் தன் பணத்தில் தொடங்கியது. தன் மென்பொருள்கள் தாமதமாகவும் பிழையோடும் வருவதே அந்தத் துறையின் கவலை. ஆனால் அந்த நிறுவனம் தனக்கென்று ஒரு கல்விப் பிரிவையும் வைத்துக்கொண்டு, பிற பல்கலைக்கழகங்களின் ஆசிரியர்கள் பயன்படுத்துவதற்கான பாடத்தொகுதிகளை எழுதி வெளியிட்டது. அந்நாட்டில் மென்பொருள் பொறியியலுக்கென்று தனி இளநிலைப் பட்டம் 1996இல் ராச்செஸ்டர் தொழில்நுட்ப நிறுவனத்தில் தொடங்கும் முன்பே கற்பிப்பதற்கான பொருள் திரளத் தொடங்கியிருந்தது. பிரிட்டனில் 2018இல் பாத் பல்கலைக்கழகத்தின் தலைமையில் கணினித் திறன்களைக் கற்பிப்பதற்காகப் பல பல்கலைக்கழகங்களும் நிறுவனங்களும் சேர்ந்த ஓர் அமைப்புக்கு அரசு 2 கோடி பவுண்டு கொடுத்தது.

அவ்வளவு தூரம் போவானேன்? சென்னை ஐ.ஐ.டி. உள்ளிட்ட ஐ.ஐ.டி.களும் பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனமும் சேர்ந்து 2003இல் மத்திய அரசின் பணத்தில் தொடங்கிய இணையவழிக் காணொளிப் பாடத் திட்டமான என்.பி.டி.இ.எல். இன்று எந்த ஊர் மாணவருக்கும் திறந்திருக்கிறது. திண்டிவனத்தில் படிப்பவரும் கிண்டியில் படிப்பவரும் ஒரே விரிவுரையைக் கேட்கிறார்கள். பொதுப்பணத்தில் உருவாக்கிப் பொதுவில் வைப்பது நம் நாட்டிலேயே நடந்திருக்கிறது என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை. ஆயினும் விரிவுரை என்பது பாடத்தின் ஒரு பகுதியே. மென்பொருள் பொறியியலைப் பொறுத்தவரை அது சிறிய பகுதி என்றே கூறுவேன். மற்றவர் எழுதிய நிரலைப் படிப்பது, பிறர் முன் தன் நிரலை வைத்துக் குறை கேட்பது, குழுவில் ஒருவர் சொன்ன தேதிக்குத் தராதபோது என்ன செய்வது என்று முடிவெடுப்பது ஆகியவற்றைக் காணொளியால் கற்பிக்க முடியாது.

2022 மார்ச்சில் தொடங்கிய தமிழ்நாடு அரசின் 'நான் முதல்வன்' திறன் பயிற்சித் திட்டத்தையும் இங்கே சொல்ல வேண்டும். தொழில்நுட்ப நிறுவனங்களின் பயிற்சிகளை மாவட்டக் கல்லூரிகள் வரை கொண்டுசென்றது அதன் சாதனை. அதன் வழியாக வந்த திறமையான இளைஞர்களை நான் நேர்காணலில் சந்தித்திருக்கிறேன். ஆனால் நிறுவனங்கள் தரும் பயிற்சி பெரும்பாலும் ஒரு கருவியைச் சார்ந்தது; அந்தக் கருவியின் அடுத்த பதிப்பு வந்ததும் பழையதாகிவிடுவது. மேலும் அந்தப் பாடம் நிறுவனத்தின் உடைமை. கல்லூரி ஆசிரியர் அதைத் திருத்தவோ தம் மாணவருக்கேற்ப மாற்றவோ முடியாது. நான் கேட்பது இதற்கு மாற்றாக அன்று, இதோடு சேர்த்து.

பாடத்தைப் பொதுவில் வைக்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவதற்கு முதன்மையான காரணம் தமிழ்நாட்டின் கல்லூரி அமைப்பு. அண்ணா பல்கலைக்கழகத்துடன் இணைந்த கல்லூரிகள் நானூறுக்கும் மேல். அவற்றில் மிகப்பெரும்பாலானவை சுயநிதிக் கல்லூரிகள். அரசுக் கல்லூரிகளுக்கு மட்டும் போகும் பணம் சுயநிதிக் கல்லூரிகளில் படிக்கும் பெரும்பான்மை மாணவர்களை எட்டவே எட்டாது. அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத இடஒதுக்கீட்டில் 2021 முதல் பொறியியலுக்கு வரும் மாணவர்களிலும் பலர் இந்தச் சுயநிதிக் கல்லூரிகளில்தான் படிக்கிறார்கள். தனியார் கல்லூரிக்கு அரசு கணினி வாங்கித் தர இயலாது, தரவும் வேண்டாம். பொதுவில் வைத்த பாடம் அந்த மதிற்சுவரைத் தாண்டிப் போய்விடும். தமிழ்வழியில் படித்து வந்தவர்களுக்காகப் பயிற்சியின் விளக்கக் குறிப்புகளைத் தமிழிலும் எழுதிவைத்தால் முதல் இரண்டு பருவங்களின் திணறல் பெரிதும் குறையும்.

"கற்பிக்க ஆசிரியரே இல்லாதபோது பாடம் எதற்கு?" என்று ஒரு நண்பர் கேட்டார். அந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது. 2024-25 கல்வியாண்டு முதல் மாணவர் சேர்க்கை இடங்களுக்கான உச்சவரம்பை ஏ.ஐ.சி.டி.இ. நீக்கிய பிறகு கணினி சார்ந்த இடங்கள் பெருகின. ஆசிரியர்கள் அந்த வேகத்தில் பெருகவில்லை. ஒரே ஆசிரியரின் பெயர் ஒரே நேரத்தில் பல கல்லூரிகளின் பட்டியலில் இருந்ததை 2024 ஜூலையில் ஊழல் எதிர்ப்பு அமைப்பான அறப்போர் இயக்கம் வெளிக்கொண்டுவந்ததையும் நாம் பார்த்தோம். அந்த மோசடியை நல்ல பாடத்தால் தடுக்க முடியாது. அதற்குத் தண்டனையும் நேர்மையான ஆய்வும்தான் வழி. ஆனால் எம்.இ. முடித்த கையோடு வேலைக்குச் சேர்ந்து, முதல் பருவத்திலேயே மென்பொருள் பொறியியல் பாடத்தை ஏற்கும் இளம் ஆசிரியரை எண்ணிப் பாருங்கள். தொழிலில் ஒருநாளும் இருந்திராத அவருக்கு, அனுபவமுள்ள மூவர் சேர்ந்து உருவாக்கிய பயிற்சியும் வழிகாட்டிக் குறிப்பும் கையில் கிடைப்பது எவ்வளவு பெரிய துணை!

நிறுவனங்களே இதற்குப் பணம் தரட்டும் என்பதும் அடிக்கடி கேட்கும் வாதம். பெரிய நிறுவனங்கள் தாங்கள் தேர்ந்தெடுத்தவர்களுக்கு மாதக்கணக்கில் பயிற்சி அளிக்கின்றன. தேர்வாகாதவர்களுக்கு எவரும் அளிப்பதில்லை. பத்துப் பேர் வேலை செய்யும் அம்பத்தூர் நிறுவனத்துக்குப் போகிறவரும், அரசுத் துறையின் மென்பொருளைப் பராமரிக்கப் போகிறவரும் கல்லூரியில் கற்றதை மட்டுமே நம்பியிருக்கிறார்கள். நிறுவனங்களிடம் பணத்தைவிட ஆட்களின் நேரத்தையும், இனிப் பயன்படாத பழைய நிரல்களையும் கேட்டுப் பெறுவது நல்லது. நிரலைச் செயற்கை நுண்ணறிவே எழுதிவிடும் இந்தக் காலத்தில், எழுதியது சரிதானா என்று சோதிக்கத் தெரிந்தவரின் தேவை கூடியிருக்கிறது என்பதையும் என் அன்றாட வேலையிலிருந்து சொல்கிறேன்.

நடைமுறையில் இதை எப்படிச் செய்யலாம்? ஓர் அரசுக் கல்லூரி ஆசிரியர், ஒரு மாவட்டச் சுயநிதிக் கல்லூரி ஆசிரியர், தொழிலில் இருக்கும் ஒருவர் என மூவர் குழுவுக்கு ஒரு பாடத்தைக் கொடுக்கலாம். ஆசிரியர்கள் இருவருக்கும் ஒரு பருவம் கற்பித்தல் பணியிலிருந்து விடுப்பும், அந்த வகுப்புகளை ஏற்கும் மாற்று ஆசிரியருக்கான சம்பளமும் திட்டத்திலிருந்தே வர வேண்டும். ஆய்வகத்தில் இளைய மாணவர்களின் நிரலைப் படித்துக் கருத்துச் சொல்ல இறுதியாண்டு மாணவர்களை மணிக்கணக்கில் ஊதியம் கொடுத்து அமர்த்தலாம். நிரலைப் படிக்கக் கற்பதற்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது. இந்த உழைப்பு பதவி உயர்வில் ஆய்வுக்கட்டுரைக்கு இணையாக மதிக்கப்பட வேண்டும். இல்லையேல் திறமையானவர்கள் முன்வரமாட்டார்கள். அண்ணா பல்கலைக்கழகத்தின் ஒழுங்குமுறை 2013, 2017, 2021 என்று நான்கு ஆண்டுக்கு ஒருமுறை மாறியது. அந்த இடைவெளிக்குள் பயிற்சியில் உள்ள கருவிகள் பழையதாகிவிடும். ஆகவே பாடத்தை உருவாக்கும் ஆண்டுக்கு மட்டுமன்றி, அடுத்த மூன்றாண்டுகள் அதைத் திருத்தி வைத்திருப்பதற்கும் தொடக்கத்திலேயே பணம் ஒதுக்க வேண்டும்.

தொகையின் கடைசித் தவணையை விடுவிப்பதற்கு ஒரு நிபந்தனையும் வேண்டும். பாடத்தை உருவாக்கிய குழுவோடு எந்தத் தொடர்பும் இல்லாத வேறொரு கல்லூரியில், வேறோர் ஆசிரியர் அதை ஒரு பருவம் முழுவதும் கற்பித்துப் பார்த்து, எந்தப் பயிற்சி ஓடியது, எது ஓடவில்லை, மாணவர்கள் எங்கே நின்றுவிட்டார்கள் என்று எழுதித் தர வேண்டும். பணத்தைச் செலவிட்டதைக் காட்டும் பயன்பாட்டுச் சான்றிதழோடு அந்தக் குறிப்பும் இணைக்கப்பட்டு, பாடம் இருக்கும் இடத்திலேயே எல்லோரும் படிக்கும்படி வெளியிடப்பட வேண்டும்.