வாசகம் போடச் செலவில்லை, பங்கு கொடுக்கத்தான் வலிக்கிறது

டிஸ்னியின் பழைய கார்ட்டூன் படப் பாடல்களைப் பற்றிச் சண்டை வந்தால், அது பெரும்பாலும் வரிகளைப் பற்றித்தான் வருகிறது. 1955இல் வந்த 'லேடி அண்ட் த ட்ராம்ப்' படத்தில் இரண்டு சயாமீஸ் பூனைகள் பாடும். ஆசியர்களின் பேச்சையும் முகத்தையும் கிண்டலடிக்கும் பாட்டு, அதற்கு வக்காலத்து வாங்க ஒன்றுமில்லை. டிஸ்னி பிளஸ்ஸில் எச்சரிக்கை வாசகம் போட்டார்கள். 2019இல் படத்தைத் திரும்ப எடுத்தபோது அந்த இடத்தில் வேறு பாட்டு வைத்தார்கள். சரி, செய்ய வேண்டியதுதான்.

ஆனால் அந்த இரண்டு பூனைகளுக்கும் குரல் கொடுத்த அமெரிக்கப் பாடகி பெக்கி லீயின் கதையை, வரிகளுக்காகச் சண்டை போடும் ஆட்கள் பேசிக் கேட்டதில்லை. இசையமைப்பாளர் சன்னி பர்க்கோடு சேர்ந்து அந்தப் படத்துக்குப் பாட்டு எழுதியவரும் அவர்தான். நடிப்புக்கும் பாடியதற்கும் கிடைத்தது 3,500 டாலர். 1987இல் படம் வீடியோ கேசட்டாக வந்து சக்கைப்போடு போட்டது. விற்பனைக்கான பதிவுகளுக்குத் தன் அனுமதி வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே இருந்ததால் அவர் 1988இல் வழக்குப் போட்டார். 1991இல் 23 லட்சம் டாலர் கிடைத்தது. கையில் நல்ல ஒப்பந்தமும், வழக்கு நடத்தும் வசதியும், ஊரறிந்த பெயரும் இருந்தவருக்கே இந்த அலைச்சல்.

இது எதுவுமே இல்லாதவர் சாலமன் லிண்டா. தென்னாப்பிரிக்க ஜூலு பாடகர். 1939இல் ஜோகன்னஸ்பர்க்கில் 'ம்பூபே' பாட்டைப் பதிவு செய்தார். உரிமைக்காக அவர் கைக்கு வந்தது சுமார் பத்து ஷில்லிங் என்கிறார்கள். அந்த மெட்டு அமெரிக்கா போய், 1961இல் 'த லயன் ஸ்லீப்ஸ் டுநைட்' ஆகி, அங்கே முதலிடம் பிடித்தது. மறு வருடம் லிண்டா வறுமையில் செத்துப்போனார். 1994இல் 'லயன் கிங்' படத்தில் டிமோன், பும்பா என்ற இரண்டு விலங்குப் பாத்திரங்கள் அதைச் சில நொடிகள் பாடும். சோவெட்டோவில் இருந்த அவருடைய மகள்களுக்கு அதனால் பெரிதாக ஒன்றும் வரவில்லை.

உரிமை வைத்திருந்த நிறுவனத்திடம் முறையாக அனுமதி வாங்கினோம் என்பது டிஸ்னியின் பதில். காகிதப்படி பொய் இல்லைதான். லிண்டா குடும்பத்தின் வழக்கறிஞர் பிடித்தது வேறு வழி: எழுதியவர் இறந்து 25 ஆண்டுகள் ஆனால் உரிமை வாரிசுக்குத் திரும்பும் என்ற 1911 பிரிட்டிஷ் சட்டம். (ஏகாதிபத்தியம் போட்ட சட்டம் ஒரு ஜூலு குடும்பத்துக்குக் கைகொடுத்த கூத்தை என்ன சொல்ல!) 2004இல் வழக்கு. தென்னாப்பிரிக்காவில் மிக்கி மவுஸ் உள்பட டிஸ்னியின் வணிக முத்திரைகளையே நீதிமன்ற உத்தரவு வாங்கி முடக்கினார்கள். 2006இல் சமரசம் ஆனது, தொகையை வெளியே சொல்லவில்லை.

என்னைக் கேட்டால், எச்சரிக்கை வாசகம் போட நிறுவனத்துக்குக் காலணா செலவில்லை, பெயரும் கிடைக்கிறது. இப்படி ஒரு வழக்கு வந்தால்தான் கணக்குப் புத்தகம் வலிக்கும். வரிகளைப் பற்றி நாம் தாராளமாகச் சண்டை போடுவோம். அதே மூச்சில், இந்தப் பாட்டுக்குக் காசு யார் வீட்டுக்குப் போகிறது என்றும் கேட்கலாமே. 2019இல் வந்த புது 'லயன் கிங்'கிலும் அந்தப் பாட்டு இருக்கிறது.