பனியாற்றுக்கு முதுகு காட்டி நின்றோம்

சென்னை திரும்பி மூன்று வாரங்கள் ஆகின்றன. ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை. எதிர்வீட்டுக்காரர் முதல் இஸ்திரிக்காரர் வரை "அலாஸ்கா எப்படி இருந்தது சார்?" என்று கேட்கும்போதெல்லாம் "பிரமாதம்" என்று சொல்லிச் சொல்லி எனக்கே அலுத்துவிட்டதால், உள்ளதை இங்கே கொட்டிவிடுகிறேன்.

ஓய்வு பெற்றபோது கைக்கு வந்த பணத்திலிருந்து நானும் மனைவியும் ஒரு டூர் கம்பெனியில் ஆளுக்கு ஆறரை லட்ச ரூபாய் கட்டினோம். வான்கூவரில் கப்பலேறி, ஜூனோ, ஸ்காக்வே, கிளேசியர் பே, கெட்சிகன் பார்த்துவிட்டு வான்கூவரிலேயே இறங்கும் ஏழு நாள் பயணம் அது. துறைமுகங்களுக்காக அமெரிக்க விசா, போகவும் திரும்பவும் கனடா விசா என்று இரண்டுக்கும் மாதக்கணக்கில் அலைந்து, ஜெமினி மேம்பாலத்தருகே வரிசையில் நின்று, வங்கிக் கணக்கு முதல் வீட்டுப் பத்திரம் வரை காட்டிய பிறகுதான் போனோம். இவ்வளவையும் செய்தது பனியாறு பார்ப்பதற்காக என்று நான் நினைத்திருந்தேன். தி. நகரில் ஒரு மண்டபத்தில் நடந்த அறிமுகக் கூட்டத்திலேயே எனக்கு உறைத்திருக்க வேண்டும். இரண்டு மணி நேரக் கூட்டத்தில் ஒன்றரை மணி நேரம் சாப்பாட்டைப் பற்றியே பேசினார்கள். "ரசம் தினமும் உண்டா?" என்று ஒருவர் கேட்க, "சாப்பாட்டு விஷயத்துல கவலையே படாதீங்க சார்" என்று டூர் மேனேஜர் சொன்னதற்குக் கைதட்டல் எழுந்தது. எனக்கும் தயிர்சாதம் பிடிக்கும்; அதற்காகக் கடல் கடந்து போக வேண்டியதில்லை என்பதுதான் என் கட்சி.

எங்கள் குழுவில் முப்பத்தெட்டுப் பேர். முப்பத்தேழு பேர் நேரத்துக்கு வந்துவிட்டாலும், வராத அந்த ஒருவருடைய நேரம்தான் குழுவின் நேரம் என்பதை ஜூனோவில் கற்றுக்கொண்டேன். அலாஸ்காவின் தலைநகரமான அந்த ஊருக்கு வெளியூரிலிருந்து சாலையே கிடையாது. கப்பலிலோ விமானத்திலோதான் போக முடியும். ஒரு நாளைக்கு ஐந்து பெரிய கப்பல்களுக்கு மேல் வரக்கூடாது என்று 2024 முதல் கட்டுப்பாடு வைத்திருக்கிறார்கள். கூட்டம் வந்தால் என்ன ஆகும் என்று ஊரே யோசித்து வைத்திருக்கும் இடத்தில், எங்கள் கூட்டம் கப்பல் வாசலில் ஐம்பது நிமிடம் நின்றது. ஒரு மாமி ஸ்வெட்டரை கேபினிலேயே விட்டுவிட்டாராம். எடுத்துவரப் போன மாமாவும் திரும்பவில்லை. மெண்டன்ஹால் பனியாறு ஊரிலிருந்து சுமார் 20 கிலோமீட்டர்தான். அங்கே நகெட் அருவி வரை போய்வர இரண்டு மைல் நடக்க வேண்டும். எங்களுக்கு மிஞ்சியது முப்பத்தைந்து நிமிடம். அருவியின் வெள்ளைக் கோட்டை ஏரியின் இந்தப் பக்கத்திலிருந்தே பார்த்துவிட்டுப் பேருந்தில் ஏறினோம்.

ஸ்காக்வே இன்னும் மோசம். 1898இல் தொடங்கி 1900இல் கட்டி முடித்த மலை ரயில் அங்கே ஓடுகிறது. நம் ஊட்டி ரயில் பாதையைவிடக் குறுகலான மூன்றடிப் பாதையில், சுமார் 20 மைலுக்குள் ஏறத்தாழ 3,000 அடி ஏறுகிறது. "எல்லாம் அடக்கம்" என்று சொல்லி வாங்கிய பணத்தில் இந்த ரயில் அடங்காது என்று அங்கே போன பிறகுதான் சொன்னார்கள். சரி, நாங்களே டிக்கெட் எடுத்துக்கொள்கிறோம் என்றால், குழுவாகத்தான் முடிவெடுக்க வேண்டும் என்று காலை இட்லி வரை இழுத்தடித்ததில், டிக்கெட்டுகள் தீர்ந்துவிட்டன. சுமார் 1,200 பேர் வாழும் அந்தச் சிற்றூரின் கடைத்தெருவில் வரிசையாக இருக்கும் நகைக்கடைகளில் மூன்று மணி நேரம் நின்றோம். பாண்டி பஜாரில் இறங்கினால் கிடைக்காத எதை அங்கே தேடினார்கள் என்று எனக்குத் தெரியவில்லை. அந்த ரயில் வந்த காலத்தில் தங்கம் தேடி அந்த வழியாகக் கனடாவுக்குள் போனவர்கள் ஓராண்டுக்கான உணவும் கருவிகளுமாக ஏறத்தாழ ஒரு டன் சாமானைக் கொண்டுவந்தால்தான் எல்லைக் காவலர்கள் உள்ளே விட்டார்களாம். புளிக்காய்ச்சலும் பருப்புப்பொடியும் மாவடுவுமாகப் பிதுங்கிய எங்கள் பெட்டிகளைப் பார்த்திருந்தால் மறுபேச்சின்றி விட்டிருப்பார்கள்.

இதையெல்லாம்கூட மறந்துவிடுவேன். கிளேசியர் பேயை மறக்க முடியாது.

தேசியப் பூங்காவான அந்த விரிகுடாவில் ஒரு நாளைக்கு இரண்டு பெரிய சுற்றுலாக் கப்பல்களுக்குத்தான் அனுமதி. காலையில் பூங்காக் காவலர்கள் படகில் வந்து கப்பலேறி, ஒலிபெருக்கியில் விளக்கம் சொல்கிறார்கள். 1794இல் ஆங்கிலேயக் கடலோடி ஜார்ஜ் வான்கூவரின் மாலுமிகள் வந்தபோது இந்த விரிகுடாவே இல்லை, அதன் வாயிலேயே பனிச்சுவர் நின்றது, அதிலிருந்து 100 கிலோமீட்டருக்கு மேல் பனி பின்வாங்கிய வழியில்தான் நாம் இப்போது மிதந்துகொண்டிருக்கிறோம் என்று ஒரு பெண் காவலர் சொல்லிக்கொண்டிருந்தார். சொன்னதில் பாதிதான் என் காதில் விழுந்தது. பக்கத்தில் எங்கள் ஆட்கள் புளூடூத் ஸ்பீக்கர் வைத்து அந்தாக்ஷரி ஆடிக்கொண்டிருந்தார்கள். வேறு நாட்டவர் இரண்டு பேர் கெஞ்சியும் குறைக்கவில்லை. எனக்கு வந்த வெட்கத்தில் தொப்பியில் இருந்த கம்பெனி பெயரை உள்பக்கமாக மடித்துக்கொண்டேன்.

மார்ஜரி பனியாற்றின் முன்னால் கப்பல் நின்றது. ஏறத்தாழ ஒரு மைல் அகலம், நம் எல்.ஐ.சி. கட்டடத்தையும் விஞ்சும் உயரம். வெடிப்புகளுக்குள் மட்டும் மயில்கழுத்து நீலம். பனி உடைந்து கடலில் விழும் ஓசையை அந்த மண்ணின் ட்லிங்கிட் மக்கள் 'வெள்ளை இடி' என்பார்களாம். ஏறத்தாழ ஒரு மணி நேரம்தான் நிற்கும் என்பதால் நான் கம்பியைப் பிடித்தபடி இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் டூர் மேனேஜர் பேனரோடு வந்தார். "சார், குரூப் போட்டோ. ரெண்டே நிமிஷம். அப்புறம் லஞ்ச் ஆறிடும்." நான் வரவில்லை என்றேன். "எல்லாரும் உங்களுக்காகத்தான் வெயிட் பண்றாங்க" என்று என் மனைவியே சொன்ன பிறகு என்ன செய்வது? போய் நின்றேன். முப்பத்தெட்டுப் பேரும் பனியாற்றுக்கு முதுகு காட்டி நிற்க, பின்வரிசையில் இரண்டு இளைஞர்கள் பேனரைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தார்கள். ஒருவர் கண்ணை மூடிவிட்டார் என்று இரண்டாம் முறை. ஒரு பாட்டி தெரியவில்லை என்று மூன்றாம் முறை. மூன்றாம் முறைதான் முதுகுக்குப் பின்னால் இடித்தது. அந்தத் தூரத்தில் ஓசை வந்து சேர ஒரு நொடிக்கு மேல் ஆகும். காதில் விழும்போது பனி விழுந்து முடிந்திருக்கும். திரும்பினேன். தண்ணீரில் அலை வட்டங்கள்தான் இருந்தன. டெக் முழுவதும் இருந்த மற்ற நாட்டவர்கள் ஆரவாரம் செய்துகொண்டிருந்தார்கள். "லஞ்சுக்குப் போலாமா?" என்றார் மேனேஜர்.

கெட்சிகனில் மழை. சென்னையைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் மழை பெய்யும் ஊரில் மழை பெய்ததற்காகப் பாதிப் பேர் கோபித்துக்கொண்டு கப்பலிலேயே இருந்துவிட்டார்கள். அங்கே பழங்குடியினரின் மரச் சிற்பத் தூண்களை நிம்மதியாகப் பார்த்த ஒரு மணி நேரம்தான் எனக்கு இந்தப் பயணத்தில் கிடைத்த லாபம்.

நேற்று வாட்ஸப்பில் அந்தப் படம் வந்தது. முப்பத்தெட்டுப் பேரும் சிரிக்கிறோம், நான் உட்பட. என் இடது தோளுக்குப் பின்னால் வெள்ளைப் புகைபோல ஒரு பனித்தூண் சரிந்துகொண்டிருக்கிறது. அதன் மேல்பாதியைப் பேனரில் இருக்கும் கைபேசி எண் மறைத்துக்கொண்டிருக்கிறது. படத்தின் அடியில், "அடுத்த பேட்ச் மே மாதம், முந்துபவருக்குச் சலுகை" என்று அச்சிட்டு எனக்கே அனுப்பியிருக்கிறார்கள்.