ஏசி லேப் உண்டு, லினக்ஸ் கிடையாது

அக்கா மகளுக்குக் கம்ப்யூட்டர் சயின்ஸ் கல்லூரி தேடி நாகர்கோவிலுக்கும் மார்த்தாண்டத்துக்கும் நடுவே நாலு நாளாக அலைகிறேன். செருப்பு தேய்ந்ததுதான் மிச்சம். போகிற இடமெல்லாம் பஸ் வரும், லேப் முழுக்க ஏசி, ஹாஸ்டலில் ஞாயிறன்று சிக்கன் என்று ஒப்பிக்கிறார்கள். பிள்ளையின் லேப்டாப்பில் விண்டோஸ் இல்லை; அதற்குப் பதில் லினக்ஸ் என்கிற இலவச ஆபரேட்டிங் சிஸ்டத்தின் ஒரு வகையான உபுண்டு. நான் கேட்டது ஒன்றே ஒன்று: "பிள்ளை உபுண்டுதான் வச்சிருக்கா, அதையே இங்கயும் வச்சுக்கலாமா?"

"உபுண்டுன்னா எந்தக் கம்பெனி லேப்டாப் சார்?" என்றார் அட்மிஷன் மேசைக்காரர். சத்தியமாக!

இன்னோர் இடத்தில், ஆன்டிவைரஸ் வாங்கிய ரசீதைக் காட்டினால்தான் வைஃபையாம். அசைன்மென்ட் எம்.எஸ். வேர்டில்தான் வரணுமாம். இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸில் அடித்து அதே ஃபார்மட்டில் சேமித்துத் தரலாமே என்றால், ரூல் அப்படி. சரி, வேர்டுக்கு யார் காசு கொடுப்பது? "எல்லாரும் எப்படியாவது போட்டுக்குவாங்க சார்." அதாவது திருட்டு காப்பி. வாசலில் ஒழுக்கம் பற்றி ஆளுயரப் போர்டு வேறு.

லேபுக்குள்ளும் எட்டிப் பார்த்தேன். பளபளவென்று புது கம்ப்யூட்டர். அதில் பழைய டாஸ் புரோகிராம்களை ஓட்டும் டாஸ்பாக்ஸைத் திறந்து, அதற்குள் நீலத் திரையில் சி மொழிக்கான பழைய கம்பைலர் டர்போ சி! இந்தப் பிள்ளைகள் பிறப்பதற்கு முந்தைய சரக்கு. ரெக்கார்டு நோட்டில் முதல் வரியே கோனியோ.ஹெச் என்கிற அந்தக் கால டாஸ் ஹெடர் ஃபைல். லினக்ஸில் உள்ள சி கம்பைலரான ஜிசிசியிடம் கொடுத்தால் அப்படி ஒரு ஃபைலே இல்லை என்று அங்கேயே நின்றுவிடும். பிளஸ் டூவிலேயே ஜிசிசியில் பழகியவள், காலேஜுக்கு வந்து பின்னால் நடக்கணுமா?

இத்தனைக்கும் அந்த மேசைக்காரர் நோண்டிக்கொண்டிருந்த ஆண்ட்ராய்டு போனுக்குள் ஓடுவதே லினக்ஸின் மையப் பகுதியான கெர்னல்தான். எல்லையில் உள்ள களியக்காவிளை தாண்டிக் கேரளத்துப் பாறசாலைக்குப் போனால் அரசுப் பள்ளிப் பிள்ளைகளே லினக்ஸில்தான் ஐ.டி. பாடம் படிக்கிறார்கள். 1956-ல் எங்கள் கன்னியாகுமரி மாவட்டம் அந்தப் பக்கத்தை விட்டுத் தமிழ்நாட்டோடு சேர்ந்ததில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. ஆனால் செக்போஸ்ட்டில் லினக்ஸையும் பிடித்து வைத்துவிட்டார்களோ என்னவோ.

நாலாவது கல்லூரியில் லேப் பையன் ஒருவன் மட்டும் வராந்தா வரை கூடவே வந்து, குரலைத் தாழ்த்திச் சொன்னான்: "அண்ணே, என் லேப்டாப்லயும் லினக்ஸ், டெபியன்தான். இங்க போடலாம்னு ரெண்டு தடவ கேட்டாச்சு, எச்.ஓ.டி. சம்மதிக்கல."

கவுன்சலிங்கில் கல்லூரிகளை வரிசைப்படுத்திக் கொடுக்கும் சாய்ஸ் ஃபில்லிங் முடிய இன்னும் மூன்று நாள். அக்கா போனில் கத்துகிறாள்: "அதெல்லாம் கெடக்கட்டும்லே, பஸ்சு தக்கலை வழியா வருமான்னு கேட்டியா?"